திருகோணமலையில் திறந்தவெளி ஹாம் ரேடியோ: எந்த அன்ரனாவை எங்கே கட்டுவது

ஹாம் ரேடியோவுக்கு (உரிமத்தோடு பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்புக்கு) அன்ரனா வாங்கும்போது பலர் முதலில் பார்ப்பது எத்தனை பாண்ட் (அலைவரிசைப் பட்டை) வேலை செய்யும், எத்தனை வாட் தாங்கும், என்ன விலை என்பதைத்தான். திருகோணமலையில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: யாரோடு பேசப் போகிறீர்கள்? நீங்கள் நிற்கும் நிலம் எப்படிப்பட்டது?

நேர்கோட்டில் கொழும்பு ஏறக்குறைய 235 கிலோமீற்றர், யாழ்ப்பாணம் 180, மட்டக்களப்பு 110. இவ்வளவு கிட்ட உள்ள ஊர்களைப் பிடிக்க, அலை உச்சியை நோக்கிப் போய், வானில் உயரே மின்னேற்றம் பெற்ற அயன மண்டலத்தில் பட்டுத் திரும்ப வேண்டும். ஜப்பானையும் அவுஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் பிடிக்க, அது அடிவானத்தை ஒட்டிப் புறப்பட வேண்டும். இரண்டையும் ஒரே அன்ரனா ஒரே தரத்தில் செய்யாது. கடலோரத்தில் நிறுத்தும் செங்குத்துக் கம்பி தூரத்துக்கு. தாழ்வாகக் கட்டும் கிடைக்கம்பி தீவுக்குள் பேச. இந்த இரண்டும் பையில் இருந்தால் போதும்.

கடலோரத்தில்: செங்குத்து அன்ரனா

செங்குத்து அன்ரனாவின் பாதி நிலத்துக்குள் இருக்கிறது. கீழே காய்ந்த மணல் என்றால் அந்தப் பாதி நோயாளி. கடல்நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு ஏறக்குறைய 5 சீமன்ஸ்; காய்ந்த மணல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கிட்ட வராது. அதனால் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தாழை நிழலில் வசதியாக அன்ரனாவை நட்டுவிட்டு இருப்பதும், அதைக் கொண்டுபோய் ஈரமணல் விளிம்பில் நிறுத்துவதும் ஒன்றல்ல. தண்ணீரிலிருந்து ஒரு அலைநீளத்துக்குள், அதாவது 20 மீற்றர் பாண்டில் (14 மெகாஹேர்ட்ஸ்; பாண்டின் பெயரே அதன் அலைநீளம்) 20 மீற்றர் தூரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கால் அலைநீளம், 5 மீற்றர், இன்னும் நல்லது. ரேடியோவும் பற்றரியும் நிழலில் இருக்கட்டும். கேபிளை நீளமாக விடுங்கள். 10 மீற்றர் ஆர்.ஜி. 58 கேபிள் 14 மெகாஹேர்ட்ஸில் தின்பது அரை டெசிபெலுக்குச் சற்றே மேல். மெல்லிய ஆர்.ஜி. 316 ஒரு டெசிபெல் அளவில் தின்னும். கடலோரத்தில் கிடைக்கும் லாபத்தோடு பார்த்தால் இது பெரிதல்ல.

5.5 மீற்றருக்கு நீளும் துருப்பிடிக்காத உருக்கு விப் (துண்டு துண்டாக இழுத்து நீட்டும் கம்பி) ஒன்று இருந்தால் 20 முதல் 10 மீற்றர் வரை சுருள் எதுவும் தேவையில்லை. நீளத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம்: 14.15 மெகாஹேர்ட்ஸுக்கு 5.05 மீற்றர், 18.1-க்கு 3.95, 21.2-க்கு 3.37, 24.9-க்கு 2.87, 28.5-க்கு 2.51. இவை தொடக்க அளவுகள். அடித்தாங்கியின் உயரமும் கம்பியின் தடிப்பும் சில சென்ரிமீற்றர் மாற்றும். சரியான நீளம் கிடைத்ததும் எந்தத் துண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கேபிள் நுனியில் ஒட்டிவிடுங்கள். கடற்கரையில் கூச்சவெளிச்சத்தில், அன்ரனாவை அளக்கும் அனலைசரின் திரையை வாசிக்கவே முடியாது.

விப் தனியே வேலை செய்யாது. அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் விரியும் ரேடியல் கம்பிகள் வேண்டும். எளிய வழி, அடித்தாங்கியை ஒரு மீற்றர் உயரத்தில் வைத்து, 5 மீற்றர் நீளமான இரண்டு கம்பிகளை எதிரெதிர்த் திசையில் கரையோடு ஒட்டி அதே உயரத்தில் கட்டுவது. பாண்ட் மாறினால் ரேடியல் நீளமும் மாற வேண்டும், ஏனெனில் உயர்த்திக் கட்டிய ரேடியல் ஒத்ததிர வேண்டியது. உயர்த்த வசதியில்லையென்றால் மணலில் விரியுங்கள். அப்போது நீளம் அவ்வளவு முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம்: 3 முதல் 5 மீற்றர் நீளத்தில் 16 கம்பி. நான்கைப் போட்டுவிட்டு நிலம் சரியில்லை என்று சொல்லக் கூடாது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நல்ல நிலத்தின்மேல் நிற்கும் கால் அலைநீளக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஏறக்குறைய 36 ஓம். 50 ஓம் கேபிளோடு சேர்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் அன்ரனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்னும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.4 காட்டும். காய்ந்த மணலில் மூன்று ரேடியலோடு அதே கம்பி அழகாக 1.1 காட்டினால், வித்தியாசமான அந்தப் பத்துப் பதினைந்து ஓமும் மண்ணைச் சூடாக்கும் தடை. தண்ணீரோரத்துக்கு நகர்த்தியதும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 அல்லது 1.5-க்கு ஏறினால் அது நல்ல செய்தி. விட்டுவிடுங்கள், ரேடியோவுக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை.

அதே விப்பில் 40 மீற்றர் வேண்டுமானால் அடியில் சுருள் தேவை. 5.3 மீற்றர் விப்புக்கு ஏறக்குறைய 9 மைக்ரோஹென்றி. 63 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டில் 1 மி.மீ. எனாமல் செப்புக் கம்பியை, ஒரு சுற்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2 மி.மீ. இருக்கும்படி 13 சுற்றுச் சுற்றுங்கள். மூன்று மீற்றர் கம்பி போதும். எட்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் எனாமலைச் சுரண்டி, ஒரு முதலைக் கிளிப்பால் இடம் தேடுங்கள். 10, 11 சுற்றுப் பக்கத்தில் கிடைக்கும். இந்த நிலையில் கதிர்வீச்சுத் தடை 6–7 ஓம்தான், ஆகவே ஒவ்வொரு ஓம் இழப்பும் வலிக்கும். கறுத்துப்போன கிளிப்பே அரை ஓம் வைக்கக்கூடும். 40 மீற்றருக்கு இதைக் கட்டாயத்துக்கு மட்டும் பாவியுங்கள்.

எந்தக் கரை என்பதையும் யோசித்துத் தெரிய வேண்டும். செங்குத்து அன்ரனா எல்லாப் பக்கமும் வீசும், ஆனால் அடிவானத்தை ஒட்டிய லாபம் கடல் இருக்கும் பக்கத்துக்குத்தான். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகள் கிழக்கையும் வடகிழக்கையும் பார்ப்பவை: ஜப்பான், தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள். ஐரோப்பா வடமேற்கில், நிலத்துக்கு அப்பால். அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் உட்துறைமுகத்தை மேற்கே பார்க்கும் கரையோ, களப்பின் கிழக்குக் கரையோ தேட வேண்டும். முன்னால் ஒரு கிலோமீற்றர் உப்புத் தண்ணீர் இருந்தாலே 20 மீற்றர் பாண்டில் பலன் கேட்கும்.

தீவுக்குள் பேச: தாழ்வான கிடைக்கம்பி

பகலில் 40 மீற்றர் பாண்டில் இலங்கை முழுவதையும் பிடிக்க இதைவிடச் சுலபமான ஒன்று இல்லை. நடுவில் 7 மீற்றர் உயரத் தடி, அதிலிருந்து இருபுறமும் சரியும் இரண்டு கம்பிகள், நுனிகள் நிலத்திலிருந்து 2.5 மீற்றரில். இதற்கு 19 மீற்றர் நீளமான இடம் போதும். உயரம் குறைவு என்று கவலைப்பட வேண்டாம். 40 மீற்றரில் 7 மீற்றர் என்பது அலைநீளத்தின் ஆறில் ஒன்று. சக்தியில் பெரும்பங்கு வானுச்சிக்குத்தான் போகும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான். 20 மீற்றர் பாண்டில் தூரம் வேண்டுமென்றால் அதே அன்ரனாவை 10 மீற்றருக்கு ஏற்ற வேண்டும்.

இரண்டு பாண்டுக்கும் சேர்த்து இணைப்பு டைபோல் செய்வது இப்படி. 0.5 சதுர மி.மீ. பல இழைச் செப்பு வயரில் ஒவ்வொரு பக்கமும் 5.15 மீற்றர் வெட்டுங்கள். நடுவில் 1:1 பாலன் (கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் இணைப்பு). அது இல்லையென்றால் ஆர்.ஜி. 316 கேபிளை எஃப்.ரி. 240-43 பெரைட் வளையத்தில் 10 முதல் 12 சுற்றுச் சுற்றினால் அதே வேலையைச் செய்யும். முதலில் 20 மீற்றரைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை இன்சுலேற்றராக வைத்து, அதற்கப்பால் இன்னும் 5.2 மீற்றர் கம்பியைச் சேர்த்து, இரண்டையும் கார் வயரிங்கில் போடும் புல்லட் கனெக்டரால் தொடுங்கள். கனெக்டர் கழன்றிருந்தால் 20, பூட்டியிருந்தால் 40. இழுவிசை பிளாஸ்டிக் துண்டில் விழ வேண்டும், கனெக்டரில் அல்ல.

வெட்டும்போது கணக்கு எளிது. 20 மீற்றரில் ஒத்ததிர்வை 100 கிலோஹேர்ட்ஸ் மேலே தள்ள ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3.5 சென்ரிமீற்றர் குறைய வேண்டும். 40 மீற்றரில் 14 சென்ரிமீற்றர். கத்தரிக்கு முன் மடக்கிக் கட்டிப் பாருங்கள். மடக்கிய கம்பி தன்மேலேயே ஒட்டிக் கிடந்தால் குறைந்த நீளமாகவே நடக்கும். சுருட்டித் தொங்கவிட்டால் நடக்காது. உறைபோட்ட வயர் வெற்றுக் கம்பியைவிட 2 முதல் 5 சதவீதம் குட்டையாக முடியும்.

சூரியன் மறைந்த பின் சில இரவுகளில் குரல்கள் படபடவென்று நடுங்கிக் கேட்கும். திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் மாலைக்குப் பின் மேலே அயன மண்டலம் குலைகிறது. அதன் விளைவு இது. கனெக்டர்களைக் கழற்றிப் பிழை தேட வேண்டாம்.

ஒரு மரந்தான் இருக்கிறது என்றால்: நுனியூட்டு அரை அலைக் கம்பி

20.2 மீற்றர் கம்பி ஒன்றை ஒரு நுனியில் ஊட்டினால் 40, 20, 15, 10 நான்கும் கிடைக்கும். இடையில் வேண்டியது 49:1 மின்மாற்றி. எஃப்.ரி. 240-43 வளையத்தில் 1 மி.மீ. எனாமல் கம்பியால் 14 சுற்று: ஏழு ஒரு பக்கம், குறுக்கே கடந்து ஏழு மறுபக்கம். முதல் இரண்டு சுற்றோடு முதன்மைக் கம்பியையும் முறுக்கிச் சேர்த்துச் சுற்றி, இரண்டின் தொடக்கத்தையும் கேபிளின் வெளிவலையோடு சொல்டர் பண்ணுங்கள். உள்ளீட்டுக்குக் குறுக்கே 100 பிகோபராட் மின்தேக்கி, குறைந்தது 1 கிலோவோல்ட் தாங்குவது. சோதிக்க, வெளியீட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் 2.2 கிலோஓமையும் 220 ஓமையும் தொடராக வைத்து நானோ வி.என்.ஏ. என்னும் சிறு அனலைசரால் எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள், 7 முதல் 21 மெகாஹேர்ட்ஸ் வரை 1.5-க்குள் இருக்க வேண்டும். அந்தத் தடைகளோடு ரேடியோவை இயக்க வேண்டாம், கருகிவிடும்.

இந்த வளையம் 100 வாட் குரலுக்குத் தாங்கும். எஃப்.ரி.8 போன்ற டிஜிட்டல் முறைகளில் இடைவெளியில்லாமல் 100 வாட் ஏற்றினால் சூடேறி, பேசிக்கொண்டிருக்கும்போதே எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத் தொடங்கும். 30 வாட்டோடு நிறுத்துங்கள். 10 வாட் ரேடியோ மட்டும் என்றால் எஃப்.ரி. 140-43 வளையமே போதும், பையில் இடமும் மிச்சம்.

எதிர்க்கம்பியாக 2 மீற்றர் வயர் ஒன்றை நிலமுனையில் பூட்டி, கேபிளின் ரேடியோப் பக்கத்தில் அடைப்பு வளையம் (வெளிப்புற மின்னோட்டத்தை மறிக்கும் பெரைட் வளையம்) போடுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்புறமே எதிர்க்கம்பியாகி, மைக்கைத் தொடும் உதட்டில் சுள்ளென்று கடிக்கும். கேபிளைக் கையால் பிடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அடைப்பு போதவில்லை.

100 வாட்டில் இந்தக் கம்பியின் நுனியில் 700 வோல்ட் உச்சம் வரை நிற்கும். அதனால் நுனிகள் ஆட்களின் கைக்கு எட்டக் கூடாது. உப்பு படிந்த கயிற்றில் நேரே முடியவும் கூடாது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 9:1 மின்மாற்றியும் ஏதோ ஒரு நீளக் கம்பியும் ரியூனர் (அன்ரனாவை ரேடியோவோடு பொருத்தும் கருவி) இல்லாமல் உதவாது. ரியூனர் இருந்தால் 12.5 மீற்றர் கம்பி வசதியான அளவு. காந்த வளைய அன்ரனா மொட்டைமாடிக்கும் விடுதி அறை வாசலுக்கும் ஏற்றது. ஆனால் அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி திருப்ப வேண்டும், மின்தேக்கியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். திறந்தவெளி கையில் இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. 2 மீற்றர் பாண்டுக்கு ஒரு பெண் சொக்கெற்றில் 49 சென்ரிமீற்றர் நேர்க்கம்பியும் 45 பாகை சரிந்த நான்கு 51 சென்ரிமீற்றர்க் கம்பிகளும் போதும். அதைத் தடியின் உச்சிக்கு ஏற்றுவதுதான் முழு வேலையும்.

தடி, கயிறு, காற்று

பைபர்கிளாஸ் தூண்டில் தடி 7 அல்லது 10 மீற்றரில் வாங்குங்கள். கார்பன் தடி வேண்டாம்: அது மின்சாரத்தைக் கடத்தும், அன்ரனாவைக் குழப்பும், மின்கம்பியில் பட்டால் ஆளையே கொல்லும். உச்சியின் மெல்லிய இரண்டு துண்டுகளும் கேபிளின் எடையைத் தாங்கா. கட்டுவதை மூன்றாம் துண்டிலிருந்து தொடங்குங்கள். தடி கிடைக்காவிட்டால் காய்ந்த மூங்கில் தாராளமாகப் போதும்.

மரத்தில் ஏற்ற, 200 கிராம் ஈயக் குண்டைத் தங்கூசியில் கட்டி வீசி, அதன் பின்னால் நைலோன் கயிற்றை இழுங்கள். வேம்பு நல்லது. தென்னையின் வட்டில் வீசினால் குண்டு மட்டைக்குள் சிக்கும். அடியில் இருப்பதும் ஆபத்து.

கூடாரத்து முளை கடற்கரை மணலில் நிற்காது. உரப்பையில் பாதி மணல் நிரப்பி, வாயைக் கட்டி, 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து அதிலிருந்து கயிற்றை எடுங்கள். தடியில் 2.5 மீற்றர் உயரத்தில் மூன்று கயிறு, 120 பாகை இடைவெளியில். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கக் கயிற்றை இரட்டிப்பாக்குங்கள். கிழக்குக் கரையில் இந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால், தடி சாய்ந்தால் விப் உப்புத் தண்ணீரில்தான் விழும்.

கயிறுகளில் ஒரு முழத்துக்கு ஒன்றாக வண்ணத் துணி கட்டுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் கட்டவே வேண்டாம். அந்தக் கம்பாக்கயிறு கரையில் எவ்வளவு தூரம் நகரும் என்று வாடியில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு இடம் தெரியுங்கள். மின்கம்பிகள் உறையில்லாதவை, 11 அல்லது 33 கிலோவோல்ட்டாகவும் இருக்கலாம். தடியும் கம்பியும் சேர்ந்த நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் போகாதீர்கள். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்ரோபர்–நவம்பரிலும் பின்னேரத்தில் இடி கட்டும். முதல் முழக்கம் கேட்டதும் கேபிளைக் கழற்றுங்கள், தடியை இறக்குங்கள்.

பிரெட்ரிக் கோட்டை இராணுவத்திடம், துறைமுகத்தின் பல கரைகள் கடற்படையிடம், சீனன்குடா விமானப்படையிடம். இவற்றின் அருகே எழுத்தில் அனுமதி இல்லாமல் தடியை விரிக்க வேண்டாம். புறாத்தீவு தேசிய பூங்கா, அங்கும் அப்படியே. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தந்த அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் அடையாள அட்டையும் பையின் மேலறையில் இருக்கட்டும். கேட்பவருக்கு ஹெட்போனைக் கொடுத்து, வரும் குரலைக் கேட்கவிடுங்கள். இருப்பிடத்தைக் கேட்கும் நிலையங்களுக்கு நகரப் பகுதியின் கட்டம் (உலக வரைபடத்தில் இடத்தைச் சொல்லும் குறியீடு) என்.ஜே. 08.

எஸ்.டபிள்யூ.ஆர். சொல்வது என்ன

எல்லாப் பாண்டிலும் பத்துக்கு மேல் காட்டினால் அன்ரனாவைத் தொடாதீர்கள்; கேபிள் நுனியில் நடுக்கம்பி விட்டிருக்கும் அல்லது வெளிவலையில் தொட்டிருக்கும். தாழ்ந்த புள்ளி உண்டு, ஆனால் பாண்டுக்குக் கீழே என்றால் கம்பி நீளம், அல்லது நிலத்துக்கோ ஈர இலைக்கோ மிகக் கிட்ட. மேலே என்றால் குட்டை. காலையில் சரியாக இருந்தது பின்னேரம் நகர்ந்தால் இன்சுலேற்றரில் உப்பு படிந்திருக்கிறது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் அந்த இரவே விப்பை முழுக்க நீட்டி, ஒவ்வொரு துண்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மூட்டுகளில் துளி சிலிக்கன் எண்ணெய் விட்டு மடக்குங்கள். மறுநாளைக்கு விட்டால் உப்பும் மணலும் சேர்ந்து இரண்டு துண்டைப் பிடித்துவிடும். பிடித்ததை முறுக்கினால் மெல்லிய குழாய் பிளக்கும். பி.என்.சி. கனெக்டர்களை ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து மூடியைப் போடுங்கள். ஈரமான கயிற்றையும் வயரையும் ஒரே பையில் சுருட்டி வைக்காதீர்கள். உறையின் நுனியால் உள்ளே ஏறும் உப்புநீர் செப்பைப் பச்சையாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். அப்படியானால் நுனியில் ஒரு சாண் வெட்டி எறிந்து, புதிதாகச் சொல்டர் வைத்து, மறுபடி நீளம் பார்க்க வேண்டும்.